ஏழு மூன்றுக்கு வரும் பதில்

மாப்ள,

உன் அறைக் கதவைத் திறந்ததும் சூடேறிய தூசி வாசம்தான் முதலில் வந்தது. நீ போய் இருபத்தைந்து நாள் ஆகியும் உன் கணினி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயமங்கலத்தில் எத்தனை தடவை கரண்ட் போனாலும் அதற்கு மட்டும் இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தாய். "கரண்டு போனா நம்ம டைமரெல்லாம் செத்துரும் மச்சான்" என்பாய். டைமர்கள் சாகாமல் பார்த்துக்கொண்டாய், கெட்டிக்காரன்தான்.

பெரியகுளத்தில் கல்லூரியில் படிக்கும்போது இருவருமாகச் சேர்ந்து தொடங்கிய இணைய அரட்டை அறையில்தான் அவை பேசும். ஊரே செல்போனுக்கு மாறிய பிறகும் அந்தப் பழைய மென்பொருளை நாம் விடவில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் முப்பது பேர் இன்னும் அங்கேதான் கூடுகிறார்கள். மதியம் ஒரு மணி ஆனால் உன் பெயரில் "எல்லாரும் சாப்டீகளா?" என்று வரும். அது நீயில்லை, குறித்த நேரத்துக்குத் தானாகப் பேசும் டைமர் என்று எனக்கு மட்டும் தெரியும்.

உனக்கு அந்த டைமர்கள் மேல் ஒரு கிறுக்கு. ஒருநாள் என் தேனிக் கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டாய். "இதுககிட்ட எது வேணாலும் கேக்கலாம் மச்சான். இன்னும் எத்தன தடவ பேசுவ, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு, அடுத்து என்ன சொல்லப் போற, எல்லாத்துக்கும் பொய் சொல்லாமப் பதில் சொல்லும்." சாப்பாட்டு டைமரிடம் இன்னும் எத்தனை தடவை என்று கேட்டுக் காட்டினாய். பூச்சியம் என்று வந்தது. "முடிஞ்சுபோச்சா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். "பூச்சியம்னா நாம நிறுத்துற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்னு அர்த்தம். முடிஞ்சுபோனதக் கேட்டா பதிலே வராது."

அப்புறம் வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு, மூன்று மாதம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தேனியிலிருந்து ஜெயமங்கலத்துக்குப் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நான் ஏறவில்லை. உன் உடம்பு உருகிப்போயிருந்ததாம், பார்க்கவே முடியவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கடை, சரக்கு, ஆள் இல்லை என்று ஆயிரம் சாக்கு கைவசம் இருந்தது.

சாக்கோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு டைமர் வைத்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு, அரட்டை அறையில் எல்லோரும் பார்க்கும்படி, "மாப்ள, இன்னைக்கி எப்படி இருக்கு?" அந்த நேரத்தில் நான் போர்வைக்குள் கிடப்பேன். அறையில் இருந்தவர்கள் உருகினார்கள். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்கு அமையும் என்று ஒருவர் எழுதினார். நான் கூச்சமில்லாமல் கைகூப்பும் குறி போட்டு வைத்தேன்.

முதல் சில நாள் உன் பதில் தாமதமாக வந்தது. "ராத்திரி பூரா வலி. நீ வந்தா தேவலை மச்சான்." நாளைக்கு வருகிறேன் என்று எழுதினேன். ஒரு வாரம் போனதும் பதில் மாறியது. "நல்லா இருக்கேன் மச்சான், நீ அலையாத." தினமும் ஏழு மணி மூன்று நிமிடத்துக்கு அதே வரி. நீயே அலையாதே என்று சொல்லிவிட்டாய், எனக்கு மனசு லேசாகிவிட்டது. பாவி, எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா?

ஒருநாள் ஒன்பது மணிக்கு உன் மச்சினன் போன் பண்ணினான். "அண்ணே, அத்தான் விடியக்காலம் நாலு மணிக்குப் போயிட்டாகண்ணே." எனக்கு வந்ததே கோபம். "ஏலே, எதுல வெளையாடுறதுன்னு இல்லையா? ஏழு மூணுக்கு எங்கூடப் பேசியிருக்கான்லே!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அழுதுகொண்டிருந்தவனைத் திட்டினேன் மாப்ள. மத்தியானம் வேறொருவர் சொல்லித்தான் நம்பினேன். துக்கத்துக்குக் கிளம்பும் முன் முதல் வேலையாக என் டைமரை நிறுத்தினேன், செத்தவனை நலம் விசாரித்து என் குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று. ஜெயமங்கலம் வந்து சேர்ந்தபோது ஆட்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஏழு மூன்றுக்கு, யாரும் கேட்காமலே நீ நன்றாக இருப்பதாகச் சொன்னாய். அதற்கு மறுநாளும். அறையில் பாதிப் பேர் நடுங்கிப் போனார்கள். கடைசியில் உன் மனைவியே கூப்பிட்டாள். "அவுக பேரு இன்னும் பேசுதாம்லண்ணே. வந்து அமத்திட்டுப் போங்க."

வந்து உட்கார்ந்து, எத்தனை டைமர் ஓடுகிறது என்று கேட்டேன். மூன்று. முதலாவது சாப்பாடு. இரண்டாவதன் பெயர் என் பெயர். 'நல்லா இருக்கேன் மச்சான்' என்பதைத் தொண்ணூறு தடவைக்கு வைத்திருந்தாய், இன்னும் பதினொன்று மீதம் இருந்தது. உன் மனைவி பின்னால் நின்றபடி சொன்னாள்: "நீங்க கேக்குறது தெனமும் ஒரு செகண்டு முன்னப்பின்ன இல்லாம வந்துச்சாம்ல. 'மச்சான் மிசினை விட்டுட்டான் புள்ள'ன்னு சிரிச்சாக. அன்னைக்கிப் பூரா சாப்பிடல."

மூன்றாவது ஒரே ஒரு தடவை பேசுவது. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். நீ சொன்னதுபோலவே பொய் சொல்லாமல் காட்டியது.

"தொண்ணூறு நாளு நல்லா இருக்கேன்னுட்டேன் மச்சான். ஒரு நாளாச்சும் வந்து பாத்துட்டுப் போயேன்."

மூன்று மாதம் தாண்டியும் இருப்போம் என்று நம்பி வைத்தாயா, செத்த பிறகு என்னை அறைய வேண்டும் என்று வைத்தாயா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த மென்பொருளில் ஒரு கட்டளையும் இல்லை.

முதல் இரண்டையும் நிறுத்தினேன். மூன்றாவதில் கை வைக்க முடியவில்லை. "தாயி, பன்னெண்டு நாளைக்கி மட்டும் இந்த மிசினை ஓட விடு" என்றேன். அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"கட்டில்ல கெடந்தவுகளப் பாக்க வரல. இப்ப மிசினு சாகக் கூடாதாக்கும்?"

சுவரோரம் போய் இன்வெர்ட்டரை அணைத்தாள், பிறகு ஒயரையும் பிடுங்கினாள். கணினியின் விசிறி சுற்றி ஓய்ந்தது. வாசல் வரைக்கும்கூட என்னை வழியனுப்ப வரவில்லை. அவள் செய்தது சரிதான்.

தேனிக்கு வந்து என் கணினியில் ஒரு டைமர் வைத்தேன். அறைக்குப் போகாது, என் திரையில் மட்டும் வரும். தினமும் ஏழு மூன்றுக்கு, 'ஒரு நாளாச்சும் வந்து பாத்துட்டுப் போயேன்' என்ற உன் கடைசி வரி. இப்போது அந்த நேரத்தில் நான் போர்வைக்குள் கிடப்பதில்லை, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்ததும், இன்னும் எத்தனை தடவை என்று அதைக் கேட்கிறேன்.

தினமும் பூச்சியம் என்றே வருகிறது மாப்ள.