மெத்தைகள் போன வீட்டில் கடைசி மெட்டு

அன்பு மகள் பெர்மெத்துக்கு, நாரினிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பனி இன்னும் கரையவில்லை, அடுப்பு நன்றாக எரிகிறது. இஸ்தான்புல் ஆஸ்பத்திரியில் உனக்கு ராத்திரி வேலை என்றாயே, உடம்பு தாங்குகிறதா? எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்ல நினைத்தேன், கை நிற்கமாட்டேன் என்கிறது. ஆல்பம் முடிந்துவிட்டது அம்மா.

நோரூஸ் பண்டிகைக்குள் என் பத்து மெட்டுகளையும் மூன்று தந்திக் கோமுஸில் வாசித்துப் பதிந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். யாரும் கேட்காத கெடுதான், ஆனால் இதையும் தள்ளிப்போட்டால் இனி வாத்தியத்தைத் தொடவே மாட்டேன் என்று பயந்தேன். எதிரே ஆள் இருந்தால் எனக்கு விரல் விறைத்துவிடும், அதனால் பின்னறையில் விருந்தாளிகளுக்கான பஞ்சு மெத்தைகளைச் சுவர் நான்கிலும் உயர அடுக்கி, நடுவில் உன் பழைய செல்போனை வைத்துக்கொண்டேன். எதிரொலி அடங்கி, தந்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. வாசிப்பேன், கேட்பேன், அழிப்பேன், மறுபடி வாசிப்பேன். அப்படியே ஒன்பது தேறியது. பண்டிகைக்கு முந்தின நாள் கடைசி மெட்டுக்கு உட்கார்ந்தேன். நீ புறப்பட்ட அன்று உண்டானது அது, அது இல்லாமல் மற்ற ஒன்பதும் எதற்கு? சுருதிகூட சேர்க்கவில்லை, பக்கத்து வீட்டு ஜீபார் இரண்டு மருமகள்களோடு வந்து நின்றாள். கடைசி மகன் தான் விரும்பிய பெண்ணை அழைத்து வந்துவிட்டானாம், சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம், உட்காரவைக்க மெத்தை போதாதாம். கல்யாண வீடு மெத்தை கேட்டு நம் தெருவில் யார் இல்லை என்றிருக்கிறார்கள்? நானே எடுத்துக் கொடுத்தேன். சுவர் சுவராக என் அறை தெருவில் நடந்து போனது. மிஞ்சிய அறையில் வாசித்தால் காலித் தகரப் பீப்பாய்க்குள் வாசித்தமாதிரி இருந்தது.

பண்டிகை கழித்துப் பார்க்கலாம் என்று கோமுஸை உறையில் போட்டேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். "மெத்தைதான வேணும்? அது இருக்கிற எடத்துக்குப் போங்க. மெத்தையே நடந்து போயிருச்சு, ஒங்களுக்குக் காலு இல்லையா?" என்றாள். போனேன். சுவரோரமெல்லாம் நம் மெத்தைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே செல்போனை வைத்தேன். கணக்குப் பாடம் மாதிரி எல்லாரையும் தூங்க வைத்துவிடாதீர்கள் வாத்தியாரே என்று ஜீபார் சொல்ல, சம்பந்திகள்கூடச் சிரித்தார்கள். வாசிக்கத் தொடங்கினேன். நடுத்தந்தியில் ஓர் இடம் தவறியது. வழக்கமாக நிறுத்திவிடுவேன், அத்தனை முகங்களுக்கு முன்னால் எப்படி நிறுத்துவது, அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன், போகப்போக விரல் தானாக இளகியது. முடித்ததும், சரியில்லை போலிருக்கிறது என்று கோமுஸின் உறையை எடுத்தேன். அப்போது மூலையில் திரைக்குப் பின்னால் இருந்த புதுப்பெண், திரைக்குள் இருக்கும்வரை புதுப்பெண்கள் வாய் திறப்பதில்லை என்று உனக்குத் தெரியுமே, அவள் மெல்லக் கேட்டாள்: "தாத்தா, ஒங்க மக எந்த ஊர்ல இருக்கா?"

உன்னைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அந்தக் கேள்வியும் பதிவில் விழுந்திருக்கிறது. தவறிய இடத்தையும் சரி, அதையும் சரி, நான் அழிக்கவில்லை. துருக்கிக்கு வரும் உன் சித்தப்பா மகனிடம் மெமரி கார்டைக் கொடுத்திருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் சூடாக ஏதாவது சாப்பிடு, வெறும் தேநீரோடு ஓடாதே. உன் பாதை எங்கும் வெளிச்சமாக இருக்கட்டும், கை தொட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். கடைசி மெட்டை முழுதாகக் கேள், முடிந்தது என்று அணைத்துவிடாதே. அவளுக்கு நான் சொன்ன பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது.

உன் அப்பா,
எசென்குல்