லஸ்ஹரின் வேனில் எட்டு இருக்கைகள்

14 அக்டோபர், செவ்வாய்

மிளகாய்த் தோட்டத்தில் களையெடுத்துவிட்டு வந்தால் வாசலில் ஒரு வெள்ளை வேன். பின்பக்கம் ஜன்னலே இல்லாத சரக்கு வேன். பக்கத்தில் லஸ்ஹர், மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நிற்கிறான்.

"மதினி, இதுல சீட்டு போடப்போறேன். ஒலிவக்காய் பறிப்புக்கு உங்க எல்லாரையும் நானே கூட்டிட்டுப் போறேன். உக்காந்துகிட்டே போகலாம்."

இவன் ஓட்டிய திறந்த லாரியிலிருந்து விழுந்துதான் என் தங்கை தலீலா செத்தாள். இவன் பெண்டாட்டிதான். பதினேழு பெண்களை நிற்கவைத்து ஓட்டினான். இரண்டு வருஷமாகிறது. லாரியை விற்றான், மகள் யுஸ்ராவை என்னிடம் விட்டுவிட்டு ஸ்பாக்ஸில் துறைமுக வேலைக்குப் போனான். இப்போது வந்து உட்கார்ந்துகிட்டே போகலாம் என்கிறான். ஏன் இப்போது? யாரை ஏய்க்க?

யுஸ்ராவுக்குப் பத்தொன்பது வயதாகிறது. என்னோடு அவளும் கூலிக்கு வருகிறாள். அப்பா வண்டியைப் பார்த்ததும் குதிக்கிறாள். டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது கிளாஸ் ஊற்றவில்லை.

17 அக்டோபர், வெள்ளி

சீட்டு போடுவதற்குள் ஊர் முழுக்க அவனுக்கு துவா. நான் மட்டும்தான் வாயைத் திறக்கவில்லை.

21 அக்டோபர், செவ்வாய்

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி நீள பெஞ்சு, எதிரும் புதிருமாக. மேலே பழைய மெத்தை. நம்ம பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், முகம் பார்த்துக் கதை பேசிக்கொண்டு போகலாமே.

காலால் ஓர் உதை விட்டேன். பெஞ்சின் கால் தரையோடு ஒட்டின இடத்தில் லேசாகக் கிறீச்சென்றது. வெல்டிங்காரனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஏம்மா, கழுதையா நீ? உதைச்சுப் பாத்தா எதுதான் சத்தம் போடாது?"

"பிரேக் போட்டா பதிமூணு பொம்பளை வெயிட்டும் சேந்து உதைக்கும்டா. அப்ப யாரைத் திட்டுவ?"

லஸ்ஹரிடம் சாம்பல் அட்டையைக் கேட்டேன், வண்டியின் பதிவு அட்டை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டினான். 'சரக்கு' என்று போட்டிருந்தது. காவல்படை மறித்தால் அபராதம், சரி. ஆனால் ஏதாவது ஆனால்? சரக்கு வண்டியில் செத்தவளுக்குக் காப்பீட்டில் ஒன்றும் கிடையாது. தலீலாவுக்கும் கிடைக்கவில்லை.

"அதெல்லாம் மாத்திடலாம் மதினி" என்றான். மாற்றிவிட்டல்லவா பெஞ்சு போட்டிருக்க வேண்டும்? யுஸ்ரா இந்த வண்டியில் ஏற மாட்டாள். அவனிடமே சொல்லிவிட்டேன்.

24 அக்டோபர், வெள்ளி

லஸ்ஹர் சிதி பூஸித் நகரத்துக்குப் போய்வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. அங்கே சோதனை மையத்தில் இன்ஜினியர் வண்டிக்குள் ஏறக்கூட இல்லையாம். "எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு வா. முதல்ல வரைபடம், அப்புறம் அனுமதி, அப்புறம்தான் ஸ்பானர்" என்றாராம்.

பக்கவாட்டு பெஞ்சு கூடாது. இருக்கை எல்லாம் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தோளிலிருந்து இடுப்புக்கு வரும் பெல்ட். தரையைத் துளைத்து போல்ட் போட்டு, அடியில் இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். பக்கத்தில் ஜன்னல். பின்கதவு உள்ளே இருந்தும் திறக்க வேண்டும்.

இதெல்லாம் நிஜமா, இல்லை பறிப்பு தொடங்கும் வரை இழுத்தடித்துவிட்டு, "நேரமில்லை, பழைய பெஞ்சிலேயே போகலாம்" என்று சொல்லப்போகிறானா?

29 அக்டோபர், புதன்

பெஞ்சு இரண்டும் பட்டறைக்காரனின் ஆட்டுப் பட்டிக்குத் தீவனத் தொட்டி தாங்கப் போய்விட்டன. உடைத்த மினிபஸ்ஸிலிருந்து லஸ்ஹர் இருக்கைகள் எடுத்திருக்கிறான். பெல்ட் மட்டும் புதிது, கவர்கூடப் பிரிக்கவில்லை.

ஐம்பத்தொரு வயதில் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். வெல்டிங்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான், சிரிக்கட்டும். ஒவ்வொரு நட்டுக்கும் மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு. முப்பத்திரண்டு நட்டு. எல்லாவற்றையும் விரலால் திருகிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை.

வெளியே வந்து முதுகைத் தட்டும்போதுதான் கணக்கு உறைத்தது. இருக்கைக்கு நாலு. அப்படியானால் எட்டே இருக்கை. நாங்கள் பதிமூன்று பேர்.

"மத்த அஞ்சு பேரு?"

"ரெண்டு நடை அடிப்பேன்."

"இல்ல, பின்னால இவ்ளோ இடம் விட்டிருக்கியே. அங்க நிக்க வெப்ப. அதானே?"

கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

3 நவம்பர், திங்கள்

பிடித்துவிட்டேன். இருக்கைகளுக்கு அடியில் வெங்காயச் சருகு! பெல்ட்டிலும் சருகு, மூக்கைத் துளைக்கிற நாற்றம். சரக்கு ஏற்றுகிறான். இருக்கை எல்லாம் கண்துடைப்பு. அதிகாரி பார்க்கும்போது பெண்கள், பார்க்காதபோது மூட்டை.

கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். "என் தங்கச்சிய மூட்டை மாதிரி ஏத்திட்டுப் போய்த்தான கொன்ன? இப்ப மூட்டையவே ஏத்துறியா?"

எங்களோடு கூலிக்கு வரும் மப்ரூக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். யுஸ்ரா அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினாள். அவன் நின்றான், அவ்வளவுதான். குற்றமில்லாதவன் இப்படியா நிற்பான்? கத்த மாட்டானா? தலீலாவின் துக்க வீட்டிலும் இப்படித்தான் நின்றான்.

5 நவம்பர், புதன்

யுஸ்ரா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று மதியம் ரொட்டியை முன்னால் வைத்துவிட்டு, "பெரியம்மா, சாப்பிட்டுட்டு உப்புத் தரைப் பக்கம் வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் திட்டு" என்றாள்.

போனேன். கள்ளிவேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காய்ந்த உப்புத் தரையில் ஒரு மைலுக்கு ஈ காக்கை இல்லை. வேன் அந்தக் கோடியிலிருந்து பறந்து வந்தது. திடீரென்று பிரேக். வண்டியே மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இறங்கி, பின்கதவைத் திறந்தான்.

எட்டு இருக்கையிலும் எட்டு வெங்காய மூட்டை. ஒவ்வொன்றுக்கும் பெல்ட். ஒன்று மட்டும் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, பாதி கீழே கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மூட்டையை நிமிர்த்தி வைத்து, இடுப்புப் பட்டையை இறக்கி முடுக்கி, திரும்பக் கோடிக்குப் போய், திரும்ப வந்து, திரும்ப பிரேக். நான் நின்ற வரைக்கும் ஆறு தடவை.

வெட்கமாக இருந்தது. அப்படியும் மனசு முழுசாக இறங்கி வரவில்லை. செத்தவளுக்கு இதையெல்லாம் செய்யவில்லையே.

11 நவம்பர், செவ்வாய்

சோதனை முடிந்து புது சாம்பல் அட்டை வந்துவிட்டது. ஓட்டுநரைச் சேர்க்காமல் எட்டுப் பேர். யுஸ்ரா மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். இன்ஜினியரே பின்கதவை உள்ளேயிருந்து திறந்து பார்த்தாராம்.

யார் முதல் நடை, யார் இரண்டாம் நடை என்ற பட்டியலை என்னையே போடச் சொல்லி அனுப்பியிருக்கிறான். நான் குறை சொல்ல முடியாதபடிக்கு, வேறென்ன.

17 நவம்பர், திங்கள்

இன்று பறிப்பு தொடங்கியது. இன்றே எழுதிவிட வேண்டும்.

முதல் நடையில் நான், யுஸ்ரா, இன்னும் ஆறு பேர். எல்லோரும் பெல்ட் மாட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டிருந்தோம். அப்போது மப்ரூக்கா ஓடி வந்தாள். அவள் பெயர் இரண்டாம் நடையில். தாமதமாக வருகிறவர்களுக்கு முக்கால் கூலிதான் என்று கங்காணி நேற்றுதான் சொன்னானாம். அவள் புருஷன் படுத்த படுக்கை.

"நஸீஹாக்கா, எப்படியாச்சும்..." என்றாள்.

நான் சொன்னேன். நானேதான். "ஏறுடி. நடுவுல ஒண்டிக்கலாம். ஒரு ஆளுதானே, என்ன ஆயிடப்போகுது." கதவுக்கு வெளியே கையை நீட்டிவிட்டேன்.

லஸ்ஹர் இன்ஜினை அணைத்தான். சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். திரும்பாமலே, மெதுவாகச் சொன்னான்.

"மதினி. அன்னிக்கும் ரொம்பிடுச்சுன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை. யுஸ்ராவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் இந்த நோட்டில் எழுதாததை இப்போது எழுதுகிறேன். அன்று லாரி நிரம்பிவிட்டது. இனி ஆள் ஏற்ற முடியாது, பின்னாடி வேறு வண்டி வரும் என்று லஸ்ஹர் கத்தினான். தலீலா சரி என்று ஒதுங்கிவிட்டாள். நான்தான் மேலேயிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். "ஒரு ஆளுதானே, என்ன ஆயிடப்போகுது" என்றேன். அவள் ஓரத்தில் நின்றாள், வேறு இடமில்லை. வளைவில் என் பக்கத்தில் அவள் இல்லை.

அவன் பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். துக்க வீட்டில் நான் அவன் மேல் மண்ணை வாரி இறைத்தபோதும் சொல்லவில்லை. கிணற்றடியிலும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் அவனைச் சந்தேகப்பட்டேனா? இல்லை, என்றைக்காவது வாயைத் திறந்துவிடுவானோ என்று பயந்தேனா?

பெல்ட்டைக் கழற்றி இறங்கினேன். மப்ரூக்காவை என் இடத்தில் ஏற்றினேன். அவன் இறங்கி வந்து அவள் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான், யுஸ்ராவுடையதையும் பார்த்தான், போய்விட்டான்.

முக்கால் மணி நேரத்தில் திரும்ப வந்தான். என்னோடு நின்ற நாலு பேரும் பின்னால் ஏறினார்கள். நான் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். பாதி வழியில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நான்தான் புடிச்சு ஏத்தினேன், லஸ்ஹர்."

"தெரியும் மதினி" என்றான். கியரை மாற்றினான். "நானும் வண்டிய எடுத்தேன்ல" என்றான்.

முக்கால் கூலிதான் கிடைத்தது. மப்ரூக்கா கேட்காமலே பாதி ரொட்டி தந்தாள், வாங்கிக்கொண்டேன்.

யுஸ்ரா இப்போது சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். இந்த வரியை முடித்துவிட்டு அவளைக் கூப்பிட வேண்டும்.