உன் குரலுக்காக நின்ற வயலின்கள்

ஸ்ரீரங்கத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பிசின் வாசம் அடித்தது. வயலின் வில்லில் தேய்ப்பார்களே, அது. பந்தி நடக்கும் கூடத்தில் நாற்காலிகளை வளைத்துப் போட்டு, சென்னையிலிருந்து வந்த சிம்பொனிக் குழு ஒத்திகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நீ இதைப் பார்க்கவில்லையே என்று முதலில் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. இத்தனை பேரும் உன் பாட்டுக்காக வந்திருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன்.

நம் ராக் பேண்டோடு சேர்ந்து வாசிக்க அவர்கள் சம்மதித்ததும், நம் பாட்டுகள் எல்லாவற்றையும் அனுப்பிவைத்தோம். அவற்றில் என்னுடையவைதான் அதிகம். குழுவை நடத்தும் அம்மா மூன்றைத் தேர்ந்தெடுத்தார். மூன்றும் நீ போட்டவை. என்னுடையவை என்னாயிற்று என்று கேட்டேன். நன்றாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குப் பேண்டே போதும், இத்தனை வாத்தியங்களுக்கு அதில் வேலை இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

உறையூர் மாடி அறையில் நாம் பாடிப் பழகிய நாட்களிலும் இப்படித்தான். நான் வாரக்கணக்கில் ஒரு மெட்டோடு மல்லுக்கட்டுவேன். நீ ஜீயபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில், கிடாரைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வருவாய். வழியிலேயே ஒரு பாட்டு வந்திருக்கும். டீ ஆறுவதற்குள் முனகிக் காட்டிவிட்டு, "சும்மா தோணுச்சுடா, வேணாம்னா விட்டுரலாம்" என்பாய். அந்த 'சும்மா'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் மஞ்சள் காமாலை முற்றி நீ போனபோது அந்த எரிச்சலும் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

நேற்று ஒத்திகையில் உன் மூன்றாவது பாட்டை நான்தான் பாடினேன். ஒரு மாதமாகப் பழகியிருந்தேன். சுருதி எங்கும் பிசகவில்லை. அந்த அம்மா தலையாட்டிவிட்டு, நம் டிரம்மர் செல்வியிடம், நீ பாடிய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். செல்வி என்னைப் பார்க்காமல் போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது. வாத்தியங்களும் மெல்லச் சேர்ந்துகொண்டன. இரண்டாவது சரணத்தில் வழக்கம்போல் நீ தாமதித்தாய். அதற்காக உன்னோடு எத்தனை சண்டை! அந்த அம்மா கையை உயர்த்தினார்.

"அவர் வர்ற வரைக்கும் எல்லாரும் காத்திருங்க."

அத்தனை வில்களும் அந்தரத்தில் நின்றன. தாளம் தப்பாமல் பாடிய எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை.

மேடையிலும் இந்தக் குரலையே ஒலிக்கவிடலாமா என்று கேட்டார். எனக்கு விருப்பமில்லை என்றால் நானே பாடலாம் என்றும் சொன்னார். நானே பாடுகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கும் காது இருக்கிறதே.

"அவனே பாடட்டுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் நம் ஊர் ஜனம் உனக்குக் கை தட்டும். நான் கிடாரோடு ஓரமாக நிற்பேன். எனக்குப் பெரிய மனசு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்று காலை வீட்டில் தனியாக என் பழைய பாட்டு ஒன்றை வாசித்துப் பாடினேன். சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் குரல் தானாக நின்றது. கொஞ்சம் பொறுத்து, உன்னைப்போலத் தாமதமாக நுழைந்தேன்.

நன்றாகத்தான் இருந்தது, பாவி.