வேரோனிக்கா சொன்ன ‘யெஸ்’

வோபர்ன், ரொறன்ரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிலாணிக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மாளாச்சி துணை. நாங்கள் சுகம், அப்பாவுக்குத்தான் குளிருக்கு முழங்கால் நோகிறது. போனில் சொன்னால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன், நீ மட்டும் படி. உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது இன்றைக்கு உதவுகிறது.

ஒஹாயோவில் நீ எழுதுகிற அந்த டன்லி விமானக் கொம்பனியின் சரித்திரம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. குதிரை வண்டி செய்தவர் பதினொரு விமானம் செய்தார், நல்லது. 1912இல் ஒன்று பறக்கும்போது இறக்கைத் துணி பிரிந்து, ஓட்டினவர் செத்து, கொம்பனியும் மூடப்பட்டது, சரி. பழியை மட்டும் துணி தைத்த வேரோனிக்காவின் தலையில் போட்டது ஏன்? இரண்டு வரித் தையலில் ஒன்றை விட்டதாக அவளே ஒப்புக்கொண்டாள் என்று முதலாளியின் பேரன், உனக்குச் சம்பளம் தந்து எழுதவைக்கிறவர், ஒரு தாளைக் காட்டினாராம். பிரிந்த இறக்கை எங்கே? மற்றத் தாள்கள் எங்கே? இது மட்டும் எப்படி நூறு வருடம் பத்திரமாகக் கிடந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் பிள்ளை. “நீ ரெண்டாம் வரியை விடேல்லைத்தானே?” என்று கேட்டார்களாம், அவள் “யெஸ்” என்றாளாம், அந்தத் தாளில் இருப்பது அவ்வளவுதான். இங்கிலிசில் அது விட்டேன் என்று ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவள், ஆங்கிலம் மட்டுமட்டு என்று நீதான் சொன்னாய். எங்கட ஆக்கள் என்ன சொல்வார்கள்? “ஓம், விடேல்லை” என்றுதானே? அவளுடைய மொழியில் எப்படி என்று யாரையாவது கேட்டாயா? நீ இங்கே பிறந்தவள், உனக்கு அது தட்டுப்படாது.

எனக்குத் தட்டுப்பட்டது ஏன் என்று சொல்கிறேன். நீ வயிற்றில் இருந்தபோது நான் கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஒருநாள் நாற்பது கோட்டில் இடக்கை வலக்கை மாறிக் கிடந்தது. “இதை நீ தைக்கேல்லைத்தானே?” என்று சூப்பர்வைசர் இங்கிலிசில் கேட்டான். நான் “யெஸ், யெஸ்” என்று தலையையும் ஆட்டினேன். அன்றைக்கே அனுப்பிவிட்டான். ஏன் என்று விளங்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. வேலை குறைந்துவிட்டது என்றுதான் அப்பாவுக்குச் சொன்னேன், இன்றுவரை அவருக்குத் தெரியாது. வெட்கம் பிள்ளை, வேறென்ன.

மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறேன், காற்றுப்படாமல் மூடிவை. நீ நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழவேண்டும். பேரன் மற்றத் தாள்களைத் தராவிட்டால் அந்தப் புத்தகத்தில் உன் பெயரைப் போடாதே, வேலை போனால் வீட்டுக்கு வா. என்னிடம் இரண்டாம் தரம் ஒருத்தரும் கேட்கவில்லை. அவளுக்காக நீயாவது கேள்.

உன் அம்மா,
யோகமலர்