அதின்ரை இடது கால்

செப்டம்பர் 14, சனி

ரெயினம் சதுப்பு. நீர் வற்றிய நேரம், சேறு முழுக்கப் பறவைகள். ஐஸ்லாந்திலிருந்து வந்திறங்கிய கருவால் மூக்கன்கள் பெரிய கூட்டம். எனக்கு முதுகைக் காட்டி நின்ற ஒன்றுக்கு இரண்டு காலிலும் நிற வளையங்கள்! ஒரு காலில் மஞ்சளும் சிவப்பும், மற்றதில் பச்சையும் வெள்ளையும். பறவைகளுக்கு அடையாள வளையம் போடுகிறவர்களுக்கு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். எங்கே பிறந்ததோ, எந்தெந்த ஊர் பார்த்ததோ?

இவர் காரை விட்டு இறங்கவில்லை. "நீ குருவி பாக்க, நான் குளிரிலை சாகவோ?"

செப்டம்பர் 17, செவ்வாய்

பதில் வந்தது. இடது கால் பச்சை–வெள்ளை, வலது கால் மஞ்சள்–சிவப்பு என்று நான் எழுதிய பறவை போன வருடமே செத்துவிட்டதாம். உடலையும் கண்டெடுத்தார்களாம்.

அதெப்பிடி? சேத்துக்குள்ளை மூக்கை விட்டுவிட்டுத் திண்டதே! செத்தது தின்னுமோ?

இவர் தமையனுக்குப் போன் போட்டுச் சிரிக்கிறார். "இவள் செத்த குருவியை உயிரோடை பாத்தவளாம்!" எரிச்சல் எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

வேலையில் ஒருவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். திரையில் வலப்பக்கம் தெரிவது நோயாளியின் இடப்பக்கம். எத்தனை வருடப் பழக்கம், யோசிக்காமலே மாற்றிச் சொல்லுவேன்.

ஐயோ! குருவியையும் அப்பிடியே மாத்திப்போட்டன். அது முதுகைக் காட்டிக்கொண்டல்லோ நிண்டது, மாத்தத் தேவையில்லையே!

ஆனால் ஊகத்தை அனுப்ப ஏலாது. கூட்டம் தெற்கே போக முன்னம் மறுபடி பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

வடக்குக் காற்று. அதிலேறிக் கூட்டம் போய்விடுமோ?

செப்டம்பர் 21, சனி

கூட்டம் பாதியாகிவிட்டது. ஒவ்வொரு காலாகப் பார்த்துக் கண் எரிந்தது. அழுகை வராத குறை. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, இவர் இறங்கி வந்தார்.

"தள்ளு, ஒருக்கால் பாப்பம்."

தொலைநோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவேயில்லை. பிறகு திடீரென்று, "இந்தா நிக்குது! இடது கால் மஞ்சள், சிவப்பு. பொறு, இடது எண்டா என்ரை இடதோ, அதின்ரை இடதோ?"

"எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"அங்காலை. முதுகுதான் தெரியுது."

"அப்ப ரெண்டும் ஒண்டுதான்." வீட்டுக்கு வந்ததும் திருத்தி மின்னஞ்சல் அனுப்பினேன்.

செப்டம்பர் 26, வியாழன்

பதில். வட ஐஸ்லாந்தில் பிறந்ததாம். ஒரு மாரிக் குளிருக்குப் போர்த்துக்கலில் கண்டார்களாம். பிறகு நாலு வருடம் யார் கண்ணிலும் படவில்லை, செத்திருக்கும் என்றே விட்டுவிட்டார்களாம். நன்றி என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறார்கள்.

இவருக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பிப் போய்ப் போனை எடுத்தார். நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிவரை குரல் கேட்டது.

"அண்ணை, எங்கடை குருவி உயிரோடைதான் இருக்கு."