ரேவதி ஏற்றின கடை

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. உளுந்து ஊறப்போட வேண்டும்.

மாமா (இவரோட அப்பா) சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். சாலைக் கடைத்தெருவில் இருக்கிற நம் பலசரக்குக் கடைக்கு ரேவதி புதிதாக ஒரு ஆன்லைன் கடை செய்திருக்கிறாளாம். ரேவதி (இனி ரே.) என் கொழுந்தன் பெண்டாட்டி. வந்து ஒரு வருஷம். ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே.

கடைக்கு ஏற்கெனவே வெப்சைட் இருக்கிறது. எட்டு வருஷம் முன்னால் நான் செய்தது. வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, ஒவ்வொரு ஃபைலாக ஏற்றி, விழுந்தால் தூக்கி நிறுத்தி. போன ஓணத்துக்கு விழுந்தபோது ஒரு கையில் பாயசக் கரண்டி, மறு கையில் லேப்டாப்.

இவள் சனி ஞாயிறில் முடித்துவிட்டாள். சர்வரைக் கட்டி அழ வேண்டாமாம். எழுதினதை கிளவுடில் ஏற்றிவிட்டால் அவர்களே ஓட்டிக்கொள்வார்களாம். "ஒரு தட்டு தான்க்கா. பாக்கி எல்லாம் அது பாத்துக்கிடும்." இலவசம் வேறு. மாமா முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்கு அதைக் காட்டியதே இல்லை.

தீர்ப்பு: "ரெண்டும் ஓடட்டு. சனிக்கெழம ஒண்ண வச்சிட்டு ஒண்ண எடுத்திரலாம்." சனிக்கிழமை, கடையில் கொடுக்கிற ஓணப் பை அச்சுக்குப் போகிறது. பையில் ஒரே ஒரு க்யூஆர் கட்டத்துக்குத்தான் இடம்.

ஆக. 19, செவ்வாய்

தூறல். ரே. சைட்டைப் போனில் திறந்தேன். திறந்தது. தோசையைத் திருப்பிவிட்டுத் திறந்தேன். திறந்தது. சட்னி அரைத்துவிட்டு, குளித்துவிட்டு, பால்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு. எப்போது விழும்?

படமெல்லாம் பளிச். ஏத்தங்காய் உப்பேரியை, அதாவது சிப்ஸை, எடுத்துத் தின்னலாம் போல இருக்கிறது. என்னுடையதில் வெல்லம் பூசின சர்க்கரைவரட்டி கரிக்கட்டை மாதிரி தெரியும்.

இவர் அதைப் பார்த்துவிட்டு அசந்துபோய் "அடிபொளி" என்றார். கட்டின பெண்டாட்டியின் சைட்டைப் பற்றி எட்டு வருஷத்தில் கேட்டது ஒன்றுதான். "ஓடுதா?"

வாங்க: சுக்கு, ஏலக்காய், சார்ஜர்.

ஆக. 20, புதன்

கொஞ்சம் வெயில். பழவங்காடி கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். ரே. சைட் விழ வேண்டும் என்று வேண்டுதல். விக்கினம் தீர்க்கிற பிள்ளையாரிடம் ஒரு விக்கினம் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தேங்காய் நன்றாகச் சிதறியது. வாசலில் நின்றபடியே போனில் பார்த்தேன். ஓடுகிறது. பஸ்ஸிலும் பார்த்தேன்.

மாலை மாமா அவளிடம், "இன்னைக்கும் ஆர்டர் வந்திருக்கு மோளே." மோளே! மகளாம்! எனக்குப் பதினாலு வருஷமாக வெறும் பெயர்தான்.

பொறாமைதான். வேறு பேர் வைக்க முடியவில்லை.

ஆக. 21, வியாழன்

இன்று போனைத் தொடுவதில்லை என்று சபதம். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பரண் தூசி தட்டியாச்சு. பாத்ரூம் தேய்த்தாச்சு. இவர் கூப்பிட்டும் எடுக்கவில்லை. நாள் முழுக்க நிம்மதி.

பொய். பாதி நாள். மீதி நாள் பூட்டின அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக. 22, வெள்ளி

மழை. காலையிலேயே மாமா கடையிலிருந்து கூப்பிட்டார். நேற்று ரே. சைட் சரியாகத் திறக்கவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் புகாராம். வெறும் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே நின்றதாம். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். "நீதான விவரம் தெரிஞ்சவ. என்னன்னு பாத்து நாளைக்கு நீயே முடிவு சொல்லு."

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கம். கேசரி கிண்டினேன்.

கிண்டும்போது ரே. அடுக்களைக்கு வந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நேத்து நீங்க ஏன்க்கா வரல்ல?"

எங்கே என்றேன். நாள் முழுக்க வீட்டில்தானே இருந்தேன்.

"சைட்டுக்கு."

பிறகுதான் விளக்கினாள். இலவசத் திட்டத்தில் கொஞ்ச நேரம் யாருமே வராவிட்டால் சைட் தூங்கிவிடுமாம். அடுத்து வருகிற ஆள் அது எழுந்திருக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். திங்கள் முதல் அவளுக்கு அந்தப் பயம். மாமாவிடம் பெருமையடித்துவிட்டு எப்படிச் சொல்வது? ஆனால் பகலில் தூங்கவே இல்லை. யார் வருகிறார்கள் என்று பார்த்தாளாம். நம் வீட்டு வைஃபை, என் போன் மாடல்.

"நீங்க வந்து வந்து பாத்ததுனால தான்க்கா அது முழிச்சே இருந்துச்சு. எனக்காகச் செய்யுறீங்கன்னு நெனச்சேன்."

கேசரி அடிபிடித்துவிட்டது.

ஆக. 23, சனி

மழை விட்டிருக்கிறது. காப்பி குடித்துக்கொண்டே மாமா கேட்டார். என்னுடையதை வைக்கச் சொல்ல வாய்வரை வந்தது. ரே. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நாள் முழுக்க எட்டிப் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அவளுதே இருக்கட்டும் மாமா. தூங்காத பிளானுக்கு மாத்தச் சொல்லுங்க. என் சர்வர் வாடகை மிச்சந்தானே."

மாமா தலையாட்டினார். "கேட்டியா மோளே," என்றார். அவளிடம்தான்.

என் சர்வரை நிறுத்தினேன். எட்டு வருஷம், ஒரே ஒரு வரிக் கட்டளையில் போச்சு. அழுகை வந்தது. நான் நல்லவளாகிவிட்டேன் என்று எழுத ஆசை. ஆகவில்லை.

பை அச்சுக்குப் போயாச்சு. புது பிளான் திங்களன்றுதான் தொடங்குமாம்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு ரே. சைட்டைத் திறந்தேன். உடனே திறந்தது. வயிறு எரிந்தது. பால் பொங்குவதற்குள் இன்னொரு தடவை திறந்தேன்.