பிளேன்டி என்று குடித்த நிலவேம்பு

மச்சி,

நீ இப்போது உயிரோடு இருந்திருந்தால், மாமா மகள், மூத்தவள் என்றும் பாராமல் உன் முதுகில் இரண்டு போட்டிருப்பேன். அடுப்பில் நிலவேம்பு கொதிக்கிறது, வீடெல்லாம் அந்தக் கைப்பு வாசம். அந்த வாசத்தில்தான் உன் கள்ளம் வெளிவந்தது. மௌத்தாகி ஆறு வருசம் கழித்து என்னிடம் பிடிபட்டாய்.

சூறாவளி அடித்த அடுத்த வருசம் எனக்குக் கலியாணம். பொத்துவில் மாப்பிள்ளை நம் வழக்கப்படி கல்முனையில் எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். பத்து நாளாகியும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நானும்தான். பதினோராம் நாள் எனக்குக் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்துக் குளிசை தந்தார்கள். அது போதாதென்று நீ நாவிதன்வெளி வயல் வரம்பில் வேரோடு பிடுங்கி வந்த நிலவேம்பை வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் போட்டு அவித்தாய். காய்ச்சலோ, வயிற்றுப் பூச்சியோ, பசியின்மையோ, உனக்கு அது ஒன்றுதான் மருந்து.

"இந்த ஊமையோட எனக்கு வாழ ஏலா மச்சி. வாப்பாட்டச் சொல்லி இந்தக் கலியாணத்த வெட்டி உடு" என்று போர்வைக்குள் இருந்து அழுதேன்.

"முதல்ல கசாயத்தக் குடி, பொறகு பாப்பம்" என்றுவிட்டு எடுக்கப் போனாய்.

கதவு இடுக்கால் பார்த்தேன். என் கசாயக் கோப்பை அவர் முன்னால் இருந்தது, நிறத்தில் அசல் பிளேன்டி, பால் விடாத வெறும் தேயிலை. நீ மாற்றி வைத்துவிட்டாய் என்று பதறிப்போனேன். புது மாப்பிள்ளை, மாமி வீட்டில் வைத்ததை மிச்சம் வைக்கலாமா? மண்டி வரைக்கும் குடித்தார். முகம் அசையவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர்.

"அது பிளேன்டி இல்ல, என்ட கசாயம்!" என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"அப்பிடியா? சீனி கொஞ்சம் குறைவு எண்டு நினைச்சன்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் காய்ச்சல் நடுக்கம் எது, சிரிப்பு எது என்று தெரியவில்லை. அன்று எங்களுக்குள் தொடங்கிய கதை இன்னும் ஓயவில்லை. நீயோ, "கண் மங்கலில கோப்ப மாறிட்டு புள்ள" என்று கடைசி வரை சாதித்தாய்.

இப்போது அவருக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூடிவிட்டதாம். கிளினிக் குளிசையோடு நிலவேம்பும் அரைக் கோப்பை கேட்கிறார். "அண்டைக்கு மாதிரி முகம் சுளிக்காமக் குடிங்க பாப்பம்" என்று இன்று சீண்டினேன்.

"அண்டைக்கு உங்கட மச்சி சொல்லித்தானே குடிச்ச நான். 'ஒரு சொட்டு மிச்சம் வைக்காதீங்க, அவ தானாக் கதைப்பா' எண்டு."

பாதி குடித்த கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "அப்ப அந்தச் சீனிக் கதையும் அவ சொல்லித் தந்ததா?"

"இல்ல. அது மட்டும் நானே சொன்ன."

அது போதும் மச்சி. நான் விழுந்தது அந்த ஒரு சீனிச் சொல்லில்தான். கோப்பையில் மிச்சம் இருந்ததை உன் பங்கென்று நானே குடித்தேன். வாயெல்லாம் கைக்கிறது. சிரிப்பைத்தான் அடக்க ஏலாமல் கிடக்கிறது.